தூணுக்கொரு குடும்பம்

எங்கள் மலையில் டீச்சரை மாயெஸ்த்ரா என்போம். பேர் சொல்லாமல் மாயெஸ்த்ரா என்று மட்டும் சொன்னால் அது தென்சிங்தான். முழுப்பேர் புருதென்சியா. கடற்கரையில் உப்பு காய்ச்சும் வீட்டுப் பெண்.

ஜப்பான்காரர்கள் கீழே ஊர்களைக் கொளுத்தியபோது மேலே ஓடிவந்தவர்களில் அவரும் ஒருத்தர். இலோய்லோ நகரத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த கையோடு சண்டை வந்துவிட்டது. மற்றவர்கள் சட்டி பானையும் கோழியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் தன் அப்பா காய்ச்சிய உப்பில் ஒரு கூடை சுமந்து வந்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தார். நாங்கள் உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம். அதற்குப் பிறகு அவரை யாரும் வெளியூர்க்காரி என்று சொல்லவில்லை.

ஒளிந்திருந்த நாட்களிலேயே ஒரு பலாமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்தார். பலகை இல்லை, சாக்கட்டி இல்லை. எங்கள் மலைப்பேச்சிலேயே சொல்லிக்கொடுத்தார். நான் அப்போது வளர்ந்த பெண். இரண்டாம் வகுப்போடு நின்றவள். சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கம். துணி காயப்போடும் சாக்கில் அந்தப் பக்கமே நிற்பேன். அவர் என்னைக் கூப்பிட்டதும் இல்லை, போகச் சொன்னதும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டால் குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துவார்.

சண்டை முடிந்ததும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுன் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆனாலும் வருஷக்கணக்காகச் சனிக்கிழமை தோறும் மேலே வருவார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் வளர்ந்திருந்தாள். வீடு வீடாக ஏறி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வார். கோரியோவின் மனைவி பாசிங்கிடம் அவர் பேசியபோது நான் பக்கத்தில் இருந்து நெல் குத்திக்கொண்டிருந்தேன்.

"நடுவுல ஆறு இருக்கே மாயெஸ்த்ரா."

"தெப்பம் இருக்கு பாசிங். பெரிய பசங்க கூட வர்றாங்க. இக்கோய் கெட்டிக்காரன். அவன வீட்ல வெச்சு எருமை மேய்க்க விடப்போறியா?"

"எருமை அவன முழுங்காது."

மாயெஸ்த்ரா சிரித்தார். பாசிங்கும் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் இக்கோய் போனான். அந்த மழைக்காலத்திலேயே தெப்பக் கயிறு அறுந்தது. மற்ற பிள்ளைகள் கரையேறினார்கள். அவனை வெகு தூரத்தில், கீழே, மூங்கில் வேர்களுக்கிடையில் கண்டெடுத்தார்கள்.

செத்த வீட்டுக்கு மாயெஸ்த்ரா வந்தபோது படியேறாமல் கீழேயே நின்றார். பாசிங் மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். அழவில்லை.

"நான் சொன்னேன்ல" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் டவுன் பள்ளிக்குப் போகவில்லை. "ஆத்தத் தாண்டிப் பிள்ளை வர வேணாம். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் வரட்டும்" என்று எல்லா அலுவலகத்திலும் போய் நின்றார். மலையில் இருபது வீட்டுக்கு ஒரு பள்ளியா என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் மூட்டை முடிச்சோடு மேலே வந்தார். எங்கள் வீடுகள் எல்லாம் கால் நட்டு உயரத்தில் கட்டியவை. அடியில் நிழல் உண்டு, பன்றியும் உண்டு. ஒரு வாரம் ஒரு வீட்டடியில், மறு வாரம் இன்னொரு வீட்டடியில் என்று பள்ளி நடத்தினார்.

ஊரில் யாருக்கு எது தெரியுமோ அதுதான் பாடம் என்பார். என் வீட்டுக்காரர் உஸ்திங்கைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒரு நாள் பாடம் நடத்தணும் மனோங் உஸ்திங்." வயதில் மூத்தவரை அண்ணன் முறை வைத்து நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நானா? நான் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. ஜன்னல் எந்தப் பக்கம்னு."

"மீன்கூடு பின்னத் தெரியுமில்ல?"

"அது எருமைக்குக்கூடத் தெரியும்."

"எருமை வரமாட்டேங்குது. நீங்க வாங்க."

அவர் போனார். மூங்கில் கீற்று இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடா, மீனுக்குக் கேக்கும்" என்றார். அன்றைக்கு எங்கள் மகள் பீனிங் தன் அப்பாவை அண்ணாந்து பார்த்த பார்வையை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இரண்டு மழைக்காலம் போனது. பிறகு கீழேயிருந்து, பள்ளிகளைச் சோதிக்கும் சூப்பர்வைசர் ஒருத்தர் வந்தார். இளவயது. பூட்ஸ் நிறையச் சேறு. அந்த வாரம் பள்ளி எங்கள் வீட்டடியில். எங்கள் பன்றி அவர் பூட்ஸை மோந்து பார்த்தது.

"மேல மனுஷங்க, கீழ பன்னி, நடுவுல பள்ளிக்கூடமா?" என்றார். பொல்லாதவர் இல்லை. உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார். போகும்போது சொன்னார்: தனி வீடு வேண்டும். கூரை, தட்டிச் சுவர், தரை எல்லாம் இருக்க வேண்டும். செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் கழித்து வந்து பார்ப்பேன். வீடு இருந்தால் பள்ளி. இல்லாவிட்டால் பிள்ளைகள் பேரெல்லாம் டவுன் பள்ளிக்கு மாறிவிடும்.

டவுன் பள்ளி என்றால் ஆறு. பாசிங் இருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை.

எங்களில் ஒருவர் வீடு கட்டினாலும் வயல் உழுதாலும் ஊரே வந்து கைகொடுக்கும். அதற்குப் பேர் தாக்யாவ். கூலி கிடையாது. யாருடைய வேலையோ அவர் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். சோறு போட்டவருக்கு அன்றைய உழைப்பு சொந்தம். எங்களுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் எல்லாம் தெரியாது. உண்டவன் வாயே சாட்சி.

மாயெஸ்த்ரா இதை நன்றாக அறிந்தவர். அதனால் முதலிலேயே சொன்னார்: "இதுக்கு யாரும் சோறு போட வேணாம். அவங்கவங்க வீட்டுக் கிழங்க அவங்கவங்க கொண்டாங்க. பள்ளிக்கூடம் யாரோட வீடும் இல்ல. அதனால விருந்து வைக்கவும் யாரும் இல்ல."

"சோறு போடாத தாக்யாவா?" என்று கோரியோ கேட்டார். "செத்த வீட்லகூட காப்பி குடுப்பாங்க மாயெஸ்த்ரா."

"இது செத்த வீடு இல்ல மனோங்."

கோரியோ தலை குனிந்துகொண்டார். மறுநாள் முதல் ஆளாகத் தூண் வெட்டிவந்தது அவர்தான். வீட்டுக்கு ஒரு தூண் என்று முடிவு. அவரவர் மூங்கில் புதரில் அவரவர் வெட்டியது. நிலம் எல்லாம் டவுனில் இருக்கும் தோன் விதாலுடையது. தோன் என்றால் ஐயா. நாங்கள் குத்தகைக்காரர்கள். ஆனால் அப்பன் நட்ட மூங்கில் பிள்ளைக்கு. அதில் எந்த நிலக்காரரும் கைவைத்ததில்லை.

அறுவடைக்கு முந்தைய மாதங்களில் எங்கள் மலையில் அரிசி இருக்காது. கிழங்கும் வாழைப்பூவும் கிடைத்தால் பெரிது. காலி வயிற்றோடு குழி தோண்டித் தூண்களை நட்டார்கள். கூரைச் சட்டம் ஏற்றும் நாளில் என் வீட்டுக்காரர் மேலே உட்கார்ந்தபடி கண் இருண்டு கீழே விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, கூரை என்ன உயரம்னு பாத்தேன்" என்று அவர் சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. அன்று வேலை நின்றது. மறுநாள் பாதிப் பேர் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் தோன் விதாலின் காரியஸ்தர் தானோ வந்தார். எருமை இழுத்த சறுக்கு வண்டியில் ஒரு கொழுத்த பன்றி, அரிசி மூட்டை, குடத்தில் கள்.

"பசங்க படிக்கட்டும்" என்றார். "கூரை ஏறுறவன் வயிறு காலியா இருக்கலாமா? ஐயா குடுத்தனுப்பிச்சார்."

நான் அடுப்பருகில் இருந்தேன். கிழங்குக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் பன்றியைப் பார்க்கவில்லை, மாயெஸ்த்ராவைப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கன்னம் ஒட்டிய முகங்கள். என் வீட்டுக்காரர் நெற்றியில் காயத்துக்கு வெற்றிலை ஒட்டியிருந்தது. திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சமைங்க" என்றார்.

அன்று கூரை ஏறிவிட்டது. சிரிப்பும் பாட்டுமாக ஒரே நாளில் வேய்ந்து முடித்தார்கள். மாயெஸ்த்ராவும் இலையில் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடாமல் இருந்தால் கொடுத்தவருக்கு அவமானம். தானோ கடைசிவரை நின்று, "இன்னும் போடு, கோரியோவுக்கு இன்னும் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது என்ன உபசரிப்பு என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. பசித்தவனுக்கு மணம்தான் முதலில் தெரியும்.

அந்த வீட்டில் பள்ளி நன்றாக நடந்தது. பிள்ளைகள் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அறுவடை தொடங்கியது. ஒரு காலையில் சறுக்கு வண்டிகள் வரிசையாக வந்து பள்ளி வாசலில் நின்றன. தோன் விதாலின் பங்கு நெல். ஆட்கள் மூட்டைகளை உள்ளே அடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வெளியே வந்து நின்றார்கள்.

"என்ன மனோங் தானோ இது?" என்றார் மாயெஸ்த்ரா.

"நெல்லு. பாத்தா கிழங்கு மாதிரி இருக்கா?"

"இது பள்ளிக்கூடம்."

வயலிலிருந்து வந்து கூடியிருந்த எங்களைப் பார்த்துத் திரும்பினார் தானோ. "கூரை போட்ட அன்னிக்கு சோறு போட்டது யாரு?"

"கோரியோ, நீ சொல்லு. குழம்பு நீதான் நிறைய வாங்கின."

கோரியோ கையிலிருந்த கதிர்த்தாளைக் கீழே போட்டார். "தோன் விதால்."

"அப்ப வீடு யாரோடது?"

"பிள்ளைங்களுக்குன்னு சொல்லித்தானே குடுத்தீங்க" என்றார் மாயெஸ்த்ரா.

"படிக்கட்டும்னு சொன்னேன். இங்க படிக்கட்டும்னு சொன்னேனா? படிச்சவங்க நீங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க."

மாயெஸ்த்ரா டவுனுக்கு நடந்தார். தோன் விதால் வீட்டு முற்றத்தில் வெகுநேரம் நின்றாராம். கடைசியில் தோன் வெளியே வந்து, "உங்க ஊர்க்காரங்ககிட்டயே கேளுங்க. என்னோடது இல்லன்னு ஒருத்தன் சொன்னாலும் நான் மூட்டைய எடுத்துடறேன்" என்றாராம். அவருக்கு எங்களைத் தெரியும்.

மாயெஸ்த்ரா திரும்பி வந்து ஒவ்வொரு வீடாக ஏறினார். எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சொல்லலாம் என்றார். தலைகள் குனிந்தன. கோரியோதான் பேசினார்: "பொய்யின்னு சொல்லச் சொல்றீங்க மாயெஸ்த்ரா. சொல்ல வாயத் தொறந்தா அந்தச் சோறுதான் முன்னாடி வந்து நிக்குது."

"நான் கிழங்கு கொண்டாங்கன்னுதானே சொன்னேன்..." என்று தொடங்கிய அவர் நிறுத்திக்கொண்டார். "நானும்தான் தின்னேன்" என்றார்.

துவைகல்லில் போய் உட்கார்ந்தார். நான் துணியை அலசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அழுகிறவர் முகம் போல இல்லை அது. எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருக்கும் வீட்டில் மாட்டிக்கொண்டவர் முகம். சூப்பர்வைசர் வரும் நாள் நெருங்கியது. அவர் வந்தால் காட்டுவதற்கு ஒரு நெல் கிடங்கு இருந்தது.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்னால் ஊரே கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கும். மாயெஸ்த்ரா இக்கோயின் குழிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். பாசிங் இருக்கும்போது அவர் கிட்டே போவதில்லை. என் வீட்டுக்காரர் தன் அப்பா குழியில் புல்லைப் பிடுங்கிக்கொண்டே பேசினார். அவர் குழியோடும் பேசுகிறவர்.

"உன் புதர் மூங்கில் இப்ப என்ன பண்ணுது தெரியுமாப்பா? தோன் விதால் நெல்லுக்குக் காவல் நிக்குது. சோறு அவரோடது, சரி. கூரையும் அவருக்கே போகட்டும். தூணு உன்னோடது. அத எப்ப அவர் சாப்பாட்டுல சேத்தோம்?"

மாயெஸ்த்ரா திரும்பினார். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏதோ அப்பன்கிட்ட புலம்பறேன், விடுங்க."

"இல்ல, சொல்லுங்க. கூரை போட்ட அன்னிக்குத்தான் அவர் சோறு. தூண் நட்ட அன்னிக்கு?"

"அன்னிக்குக் கிழங்கு. எங்கூட்டுக் கிழங்கு."

சுற்றிலும் செதுக்கும் சத்தம் நின்றுவிட்டது. அவர் மெதுவாகச் சொன்னார். "அப்ப அவங்கவங்க தூண அவங்கவங்க எடுத்துக்கலாம். யாரும் யாருக்கும் கைகொடுக்கக் கூடாது. கொடுத்தா அது இன்னொரு தாக்யாவ் ஆயிடும், அப்புறம் அதுக்கு யார் சோறுன்னு கேப்பாங்க. தனித்தனியா. அவர் கூரையில ஒரு புல்லுகூட நம்ம கையில ஒட்டக் கூடாது."

தூணை எடுத்தால் வயல் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் மறுபடி புல் செதுக்கத் தொடங்கினார். அப்போது கோரியோ கத்தியை மகன் குழி மேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். பாசிங் அவர் போவதையே பார்த்தாள். தடுக்கவில்லை.

தானோ திருநாளுக்காக டவுனில் இருந்தார். கோரியோ தன் தூணின் கட்டுகளை அவிழ்த்து, தோண்டி, தனியாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். அது மூலைத் தூண். கூரை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டில்லை, பேச்சில்லை. பக்கத்தில் ஒருவர் திணறினாலும் அடுத்தவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றாகவே வேலை செய்து பழகிய ஆண்கள் அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசித் தூணும் போனபோது கூரை இறங்கி மூட்டைகள் மேல் ஒரு பெரிய தொப்பி போல உட்கார்ந்தது. ஒரு நெல்கூட நனையவில்லை.

ஆனால் தூண்களை எங்கே நடுவது? மலை முழுக்கத் தோன் விதாலுடையது. கல்லறை கோயிலுடையது. மிச்சம் ஆற்றோரக் கூழாங்கல் மேடு ஒன்றுதான். ஆறு பெருகும்போது அது ஆற்றுடையது, வடியும்போது யாருடையதும் இல்லை.

"ஆத்துக்கிட்டயேவா?" என்றாள் பாசிங். அந்தச் செத்த வீட்டு நாளுக்குப் பிறகு அவள் மாயெஸ்த்ராவிடம் முதல்முறை பேசியது அதுதான்.

மாயெஸ்த்ரா குனிந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டே, "தண்ணி வந்தா அவங்கவங்க தூண பிடுங்கிக்கிட்டு மேல ஏறிடணும்" என்றார். அது பாசிங் கேட்டதற்குப் பதில் அல்ல.

புதுப் புல் அறுத்து, புதுத் தட்டி பின்னி, அவரவர் கிழங்கைத் தின்றுகொண்டு அங்கே நட்டோம். பழைய வீட்டைவிடச் சின்னது. தூண்களை ஆழமாக நடவில்லை, கற்களை அண்டக் கொடுத்திருந்தோம். கூரையைக் கட்டிய முடிச்சுகள் எல்லாம் ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சுகள்.

தானோ திரும்பி வந்து கத்தவில்லை. முதல் தூணைப் பிடுங்கியது யார் என்று விசாரித்துக்கொண்டு நேரே கோரியோ வீட்டுக்குப் போனார். "மூங்கில் உங்கப்பன் வெச்சது. சரிதான். நிலம் யார் வெச்சது?" என்று கேட்டார். அறுவடையில் பாதி நின்ற வயலை அன்றே வேறொருவருக்குக் கொடுத்தார். கோரியோ ஆள்பிடிக்க வந்தவரோடு நீக்ரோஸ் தீவுக்குக் கரும்பு வெட்டப் போய்விட்டார். பாசிங் தங்கை வீட்டு மூலையில் ஒண்டினாள். கோரியோவின் தூண் மட்டும் பள்ளியின் மூலையில் நின்றது.

மாயெஸ்த்ரா பாசிங்கைப் பார்க்கப் போனார். அவள் கதவைத் திறக்கவில்லை. படியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அந்த நாட்களில் அவர் சாப்பிடுவது குறைந்துபோனது. நான் கிழங்கு கொண்டுபோய் வைத்தால் மறுநாள் அப்படியே இருக்கும்.

சூப்பர்வைசர் வந்த காலை, மலையின் மேல்பக்கம் கறுத்திருந்தது. எங்கள் பக்கம் தூறல்தான். ஆனால் ஆறு செம்மண் நிறமாகிவிட்டது. நிறம் மாறினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வரும். தெப்பத்தில் வந்து இறங்கிய அவருக்கு அது தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள்.

ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஓலைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவரவர் தூணுக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஆற்றின் சத்தம் கூப்பிட்டது. நானும் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் நின்றேன். தட்டி இடைவெளியில் உள்ளே தெரிந்தது.

"ஊரே வந்து நிக்குதே" என்றார் சூப்பர்வைசர். முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க கூட்டம் போட்டுப் பேசறதெல்லாம் இதைத்தான். மழைல நிக்கறாங்களே, உள்ள வரச் சொல்லுங்க."

"வேணாம் சார். அவங்களுக்கு அங்கதான் சௌகரியம்."

"என்ன பணிவு" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டார். நான் முதுகில் குத்தினேன்.

சூப்பர்வைசர் அவசரப்படவில்லை. வாசிக்கச் சொன்னார். கணக்குக் கேட்டார். மீன்கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாயெஸ்த்ராவின் கண் தரைத் தட்டியின் இடுக்கில் இருந்தது. கீழே கற்களுக்கு நடுவில் தண்ணீர் மினுங்க ஆரம்பித்திருந்தது. பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு யார் அதைச் சொல்லிக்கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நீ சொல்லும்மா" என்று அவர் எங்கள் பீனிங்கைக் கேட்டார். "பள்ளிக்கூடம் எதுக்கு?"

"ஆத்தத் தாண்டாம இருக்க."

அவர் சிரித்தார். மாயெஸ்த்ரா சிரிக்கவில்லை. "ஆறு ஏறுது சார். இப்பக் கிளம்பினாத்தான் தெப்பம் போகும்" என்றார்.

சூப்பர்வைசர் வாசலில் நின்று கடைசியாகச் சொன்னார்: "ஒரு வருஷம் அனுமதி. அடுத்த வருஷம் வருவேன். இதே வீடு இதே இடத்துல இருக்கணும். அப்பத்தான் நிரந்தரம்." மாயெஸ்த்ரா தலையாட்டினார். ஆண்களும் தொப்பியோடு தலையாட்டினார்கள். தெப்பம் தள்ளாடித் தள்ளாடி அக்கரை சேர்ந்தது. அவர் கையசைத்தார். நாங்களும் அசைத்தோம். வழியின் வளைவில் அவர் மறைந்ததும் பிள்ளைகளை மேட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு முடிச்சுகளை இழுத்தோம்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவரவர் தூண், அவரவர் தோள். பெண்கள் தட்டிகளைச் சுருட்டினோம். திரும்பிப் பார்த்தபோது மூலையில் மாயெஸ்த்ரா கோரியோவின் தூணைக் கட்டிப்பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கென்று தூண் இல்லை, புதர் இல்லை. அந்தத் தூணுக்கும் ஆள் இல்லை. கோரியோ மட்டும் அதை ஆழமாக நட்டுவிட்டுப் போயிருந்தார்.

என் வீட்டுக்காரர் தன் தூணை மேட்டில் போட்டுவிட்டுத் திரும்பி இறங்கினார்.

"வராதீங்க" என்று கத்தினார் மாயெஸ்த்ரா. "ஒருத்தர் தூண்ல ஒருத்தர் கை வெக்கக் கூடாது."

"அது பேச்சா இப்ப? வெளிய வாங்க."

"மனோங் கோரியோ இதுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டார். வராதீங்க."

தண்ணீர் அவர் இடுப்புக்கு ஏறியது. பாவாடை தண்ணீரில் குடை மாதிரி விரிந்தது. தூண் அசைந்தது, வரவில்லை. மேட்டில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாசிங். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை.

"விட்ருங்க மாயெஸ்த்ரா. எங்க வீட்லேர்ந்து ஆத்துக்குக் குடுத்தது போதும்."

மாயெஸ்த்ரா நிமிர்ந்து பார்த்தார். அவர் கைகள் மெதுவாகப் பிரிந்தன. என் வீட்டுக்காரர் போய் அவர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வந்தார். நாங்கள் மேடேறியபோது தூண் ஒருமுறை குனிந்து, மறுபடி நிமிர்ந்து, பிறகு காணாமல் போனது.

எல்லோரும் நனைந்த மூங்கில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பள்ளி இல்லை. மாயெஸ்த்ராவின் உள்ளங்கைகள் உரிந்து ரத்தம் கசிந்தது. பாசிங் தன் தலைத்துணியை அவிழ்த்து அவர் மடியில் போட்டாள். கட்டிவிடவில்லை.

"திங்கட்கிழமை எங்க?" என்று கேட்டார் அவர்.

ஆறு வடிந்து மேடு காய மாதங்கள் ஆகும். அதுவரை யார் வீட்டடியில் பிள்ளைகள் உட்கார்ந்தாலும் அந்த வீடு அடுத்த கோரியோ வீடு. தானோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் நிமிரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"எங்க வீட்டடியில பன்னி இருக்கு" என்றார் அவர். "அத வெளிய கட்டிக்கலாம்."

மாயெஸ்த்ரா என்னைத்தான் கேட்டார். "இந்தாய், உனக்கு?" எங்களில் வயதில் இளைய பெண்ணைப் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு எப்போதும் கூட்டத்தில் குரல் எழும்பாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் உரிந்த கையில் துணி சுற்றிக்கொண்டு பாடம் சொன்னார். நான் மேலே சோறாக்கிக்கொண்டிருந்தேன். தரைத் தட்டி வழியாக அவர் குரல் மேலே வந்தது, கொஞ்சம் உயர்ந்த குரல். அந்த வாரமே தானோ வந்தார். படியேறவில்லை, பிள்ளைகளை விரட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு எங்கள் வயல் பக்கம் நடந்து, வரப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த நடவுக்கு அந்த வயல் எங்களுக்கு இல்லை. கொல்லைக் கிழங்கை வைத்துக்கொண்டு இருந்தோம். பள்ளி அதற்குள் பக்கத்து வீட்டடிக்குப் போய்விட்டது. அவர்கள் பன்றியை வெளியே கட்டினார்கள்.